புல்லோடு புல்லாக ஒரு சிலந்தி



முதலில் ஒரு விடுகதை. நானே கட்டியது.

எட்டுக்கால் உண்டு, பூச்சி இல்லை.
நண்டுன்னு பேர் உண்டு, நண்டு இல்லை.
நூல் உண்டு, வலை இல்லை.
புல் மேல படுத்திருக்கும், புல்லும் இல்லை.
அது என்ன?

கட்டுரையின் தலைப்பைப் பார்த்தே பாதி விடையைச் சொல்லிடுவீங்க. மீதி விடையை இந்த நாலு தாளில் எழுதியிருக்கேன். பக்கத்துல ஒட்டியிருக்கிற படமும் நான் வரைந்ததுதான். நிஜத்தில் அது ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். பின்வரிசையில் நிற்பவர்களுக்கும் தெரியணும்னு பெரிசா வரைந்திருக்கேன்.

1. சிலந்தி பூச்சியா?

நாம எல்லாரும் "எட்டுக்கால் பூச்சி"ன்னுதான் சொல்றோம். அந்தப் பெயரிலேயே ஒரு முரண்பாடு இருக்கு. பூச்சின்னா ஆறு கால். உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதியா இருக்கும். உணர்கொம்பு உண்டு, பெரும்பாலானவற்றுக்கு இறக்கையும் உண்டு. சிலந்திக்கு எட்டுக் கால். தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பகுதி, வயிறு ஒரு பகுதி, ஆக இரண்டே பகுதி. உணர்கொம்பு கிடையாது, இறக்கையும் கிடையாது. பூச்சியும் சிலந்தியும் கணுக்காலிகள் தொகுதியைச் சேர்ந்தவை என்பது சரி. ஆனால் வகுப்பு வேற. சிலந்தியின் வகுப்பு அராக்னிடா. தேளும் உண்ணியும் இதே வகுப்புதான்.

உலகத்தில் எத்தனை வகைச் சிலந்தி இருக்கு தெரியுமா? சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உலகச் சிலந்திப் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறார்கள். அதில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 50,000-மாவது சிற்றினத்தின் பெயர் ஏறியது. அதுக்கு அப்புறமும் பெயர்கள் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

2. நண்டுச் சிலந்தியும் ஓடும் நண்டுச் சிலந்தியும்

பூவுக்குள்ள வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு சிலந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. முன்னங்கால் நாலையும் அகலமா விரித்து வைத்து, தேனீ வரட்டும் என்று காத்திருக்கும். தொட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். அதுதான் நண்டுச் சிலந்தி. அதன் முன் இரண்டு ஜோடிக் கால்கள் தடித்து நீளமாக இருக்கும். பின் இரண்டு ஜோடி சின்னது.

அதற்கு ஒரு பங்காளிக் குடும்பம் உண்டு. அதன் பெயர் பிலோட்ரோமிடே. தமிழில் "ஓடும் நண்டுச் சிலந்திகள்" என்று சொல்லலாம். இவையும் பக்கவாட்டில் நகரும். ஆனால் எட்டுக் கால்களும் மெலிசா, ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். இரண்டாவது ஜோடி மட்டும் கொஞ்சம் கூடுதல் நீளம். உட்கார்ந்து காத்திருக்கவும் தெரியும், துரத்திப் பிடிக்கவும் தெரியும். ஓட ஆரம்பித்தால் கண்ணால் தொடர முடியாது. இந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தா, அந்தப் பக்கம் போயிருக்கும்.

1869-70 ஆண்டுகளில் சுவீடன் நாட்டு அறிஞர் தோரெல் இந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஆனாலும் ரொம்ப காலம் இவற்றை நண்டுச் சிலந்திக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இப்போது தனிக் குடித்தனம். இந்தக் குடும்பத்தில் சுமார் 30 பேரினங்கள், 500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன.

சில பேரினங்களின் பெயர்களைக் கேளுங்க.

பிலோட்ரோமஸ்: கிரேக்க மொழியில் "ஓடுவதை விரும்புவது" என்று பொருள். 200-க்கும் அதிகமான சிற்றினங்கள் உள்ள பெரிய பேரினம். மரப்பட்டையிலும் இலையிலும் தட்டையாக ஒட்டிக்கொண்டு இருக்கும்.

தானடஸ்: கிரேக்க மொழியில் "மரணம்". பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மரணம் கொசுவுக்கும் ஈக்கும்தான், நமக்கு இல்லை.

எபோ: இதன் இரண்டாவது ஜோடிக் கால் மற்ற கால்களைவிட ரொம்ப நீளம்.

செல்லோனஸ்: இதில் இருப்பது ஒரே ஒரு சிற்றினம். அதுவும் நம் இந்தியாவில். 1897-இல் பெயர் வைத்தார்கள்.

டிபெல்லஸ்: இதுதான் நம்ம கதாநாயகன். இனி இதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

3. டிபெல்லஸ் எப்படி இருக்கும்?

மற்ற ஓடும் நண்டுச் சிலந்திகள் தட்டையா, அகலமா இருக்கும். டிபெல்லஸ் மட்டும் ஒல்லி. வைக்கோலில் ஒரு துணுக்கை ஒடித்துப் போட்டது மாதிரி நீளமா இருக்கும். நிறமும் வைக்கோல் நிறம்தான். தலையில் ஆரம்பித்து வயிற்றின் நுனி வரைக்கும் நடுமுதுகில் ஒரு பழுப்புக் கோடு ஓடும். பல சிற்றினங்களில் வயிற்றின் பின்பாதியில் இரண்டு கறுப்புப் புள்ளிகளும் இருக்கும்.

இது வாழ்வது புல்லில். அது புல்லில் இருக்கும் விதம்தான் வேடிக்கை. முன் இரண்டு ஜோடிக் கால்களையும் முன்னால் நேராக நீட்டிக்கொள்ளும். கடைசி ஜோடியைப் பின்னால் நீட்டிக்கொள்ளும். மூன்றாவது ஜோடி கொஞ்சம் குட்டை. அதை வைத்துப் புல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அசையாது. புல்லின் நரம்பு எது, சிலந்தியின் முதுகுக் கோடு எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. காற்றில் புல் ஆடினால் அதுவும் கூட ஆடும்.

நம் பள்ளிக்குப் பின்னால் வேலியோரம் மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்குப் புல் வளருதே, அங்கேதான் நான் பார்த்தேன். அறிவியல் டீச்சர் கைலென்ஸ் கொடுத்தாங்க. ஒரு புல்லை அரைமணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு சின்னத் தத்துப்பூச்சி வந்து பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தது. "நூல்" மாதிரி கிடந்தது சட்டென்று எழுந்தது. அடுத்த நொடி தத்துப்பூச்சி அதன் வாயில். நடுவில் என்ன நடந்தது என்று என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

வேறு சிலந்திகளும் இப்படிப் புல்லில் நீட்டிப் படுக்கும். அதனால் கீழே சொல்கிறபடி சரிபார்க்கணும்.

பக்கத்தில் வட்ட வலை இருக்கா? தாடை முன்னால் நீண்டு பெரிசா இருக்கா? அப்படியானால் அது நீள்தாடைச் சிலந்தி. வயலில் நிறைய இருக்கும்.

காலில் முள் முள்ளா நிமிர்ந்து நிற்கிறதா? தத்துக்கிளி மாதிரி தாவுகிறதா? அப்படியானால் அது லின்க்ஸ் சிலந்தி.

வலையும் இல்லை, பெரிய தாடையும் இல்லை, முதுகில் நேர்க்கோடு, தொட்டால் புல்லைச் சுற்றி மறுபக்கம் ஓடி ஒளிகிறது என்றால் டிபெல்லஸ்தான்.

4. வலை இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது?

எல்லாச் சிலந்தியும் நூல் நூற்கும். ஆனால் எல்லாச் சிலந்தியும் வலை பின்னாது. இதை நிறைய பேர் நம்ப மாட்டாங்க. டிபெல்லஸ் நூலை இரை பிடிக்கப் பயன்படுத்துவது இல்லை. ஓடும்போதும் விழும்போதும் பாதுகாப்புக் கயிறாகப் பயன்படுத்தும். பனையேறும் மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறார் அல்லவா, அது மாதிரி. முட்டைகளைச் சுற்றிப் பை செய்யவும் நூல் வேண்டும்.

இரை பிடிக்க அதற்கு இருக்கிற கருவி கால்தான். காலைப் பற்றி இரண்டு அதிசயம் சொல்றேன்.

ஒன்று: நம் முழங்காலை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை இருக்கு. சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும்தான் உண்டு, நீட்டும் தசை கிடையாது. அப்புறம் எப்படி நீட்டுகிறது? உடம்பில் இருக்கும் திரவத்தை அழுத்திக் காலுக்குள் அனுப்புகிறது. தண்ணீர் பாய்ந்ததும் சுருண்டு கிடந்த ரப்பர் டியூப் விறைத்து நீளுமே, அது மாதிரி. செத்த சிலந்தியின் கால்கள் எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு இருப்பதைப் பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான். அழுத்தம் போயிட்டா நீட்ட ஆள் இல்லை.

இரண்டு: ஓடும் நண்டுச் சிலந்திகளின் பாதத்தில், நகங்களுக்குக் கீழே, மெல்லிய முடிக் கற்றைகள் இருக்கும். ஒவ்வொரு முடியின் நுனியும் இன்னும் நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் வழுவழுப்பான புல்லிலும் இலையின் அடிப்பக்கத்திலும் வழுக்காமல் ஓட முடிகிறது. பல்லியின் பாதம் சுவரில் ஒட்டுவதும் இதே தத்துவம்தான். பசை எதுவும் கிடையாது.

இரையைக் கடித்ததும் நம்மைப் போல மென்று தின்னாது. செரிக்க வைக்கும் திரவத்தை இரைமேல் செலுத்தி, கூழாக்கி, உறிஞ்சிக் குடிக்கும். குடித்து முடித்த தோல் மட்டும் கீழே விழும்.

பெண் சிலந்தி புல்லின் மேல்பகுதியில் முட்டைப் பையை நூலால் கட்டிவைத்து, அதன் மேலேயே காவலுக்கு உட்கார்ந்துவிடும். மற்ற நேரத்தில் தொட்டாலே ஓடுகிற பிராணி, முட்டைக்குக் காவல் இருக்கும்போது சீக்கிரம் இடத்தை விட்டுப் போகாது. இதை மறந்துடாதீங்க, கடைசியில் இதைப் பற்றி ஒரு வேண்டுகோள் இருக்கு.

5. பெயர் வைத்த கதை

நம் பாடத்தில் இருசொற் பெயரிடுமுறை படிச்சோம். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். மாஞ்சிஃபெரா இண்டிகா என்றால் மாமரம். ஊரும் பேரும் மாதிரி என்று டீச்சர் சொன்னாங்க. டிபெல்லஸ் என்ற பேரினப் பெயரை 1875-இல் வைத்தவர் பிரான்ஸ் நாட்டின் யூஜீன் சீமோன். 1848-இல் பிறந்து 1924-இல் மறைந்தவர். வாழ்நாள் முழுக்கச் சிலந்தி, சிலந்தி என்றே இருந்தவர்.

இந்தப் பேரினத்தில் சுமார் 50 சிற்றினங்கள் இருக்கின்றன. சிலவற்றை மட்டும் சொல்றேன்.

டிபெல்லஸ் ஆப்லாங்கஸ்: "நீள்வடிவம்" என்று பொருள். ஐரோப்பா, ஆசியாவின் வடபகுதி, வட அமெரிக்கா என்று பூமியின் வடபாதியைச் சுற்றிப் பரவியிருக்கிறது. 1802-இல் வால்கெனேர் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை முதலில் எழுதிவைத்தார். புத்தகத்தில் இவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். ஏன் தெரியுமா? அவர் வைத்தபோது பேரினப் பெயர் வேறு. பிறகு பேரினம் மாறியது. அப்படி மாறினால் முதலில் எழுதியவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடணும் என்பது விதி. கல்யாணம் ஆகி வேற வீட்டுக்குப் போனாலும் பெற்றவர் பெயர் மறையாது என்கிற மாதிரி.

டிபெல்லஸ் மரிட்டிமஸ்: "கடலோரத்தது" என்று பொருள். உடம்பில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்.

டிபெல்லஸ் டட்டோனி: அமெரிக்காவில் இருப்பது. 1847-இல் இதைப் பற்றி எழுதியவர் நிக்கோலஸ் ஹென்ட்ஸ். பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். இவர் யார் தெரியுமா? ஒரு பள்ளி ஆசிரியர்! தன் மனைவியுடன் சேர்ந்து பல ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நடத்தியவர். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் சிலந்திகளைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார். அமெரிக்கச் சிலந்திகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவர்தான் அடித்தளம் போட்டார்.

டிபெல்லஸ் ஆஸ்ட்ராலிஸ்: பெயரைப் பார்த்து ஆஸ்திரேலியா என்று நினைக்காதீங்க. "தெற்கு" என்று பொருள். இருப்பது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில்.

டிபெல்லஸ் விட்டிலிஸ்: சீமோன் 1906-இல் பெயர் வைத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது.

இப்போ நம் நாட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லணும். அவர் பெயர் பி.கே. டிக்காதர். இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தில் பணியாற்றி அதன் இயக்குநராகவும் இருந்தவர். 1960-இல் டிபெல்லஸ் எலாங்கேட்டஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 1962-இல் இன்னும் மூன்றுக்கு வைத்தார். அந்தப் பெயர்களைப் பாருங்க: டிபெல்லஸ் பூனாயென்சிஸ், டிபெல்லஸ் கத்ரஜ்காட்டஸ், டிபெல்லஸ் சதுர்ஷிங்கி. 1980-இல் டிபெல்லஸ் பஷானென்சிஸ்.

மகாராஷ்டிரா வரைபடத்தில் புனே நகரைத் தேடுங்க. பழைய பெயர் பூனா. கத்ரஜ் காட் என்பது புனேவுக்குப் பக்கத்தில் உள்ள மலைப்பாதை. சதுர்ஷிருங்கி ஒரு குன்று, அம்மன் கோயில் இருக்கிறது. பாஷான் ஒரு பகுதி. ஒரே ஊரின் சுற்றுவட்டாரத்துப் பெயர்கள் எல்லாம் சிலந்தியின் பெயராகி, உலகப் புத்தகத்தில் ஏறிடுச்சு. இதைப் படித்தபோது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? புனேயில் மட்டும்தான் இத்தனை வகைச் சிலந்தி பிறந்ததா? இல்லை. அங்கே ஒருத்தர் குனிந்து புல்லைப் பார்த்தார். பார்த்த ஊருக்குப் பெயர் கிடைத்தது. பார்க்காத ஊரின் புல்லிலும் சிலந்தி இருக்கும், பெயர்தான் இருக்காது.

ஆனால் கண்ணால் பார்த்த உடனே இது இன்ன சிற்றினம் என்று சொல்லிவிட முடியாது. ஆண் சிலந்தியின் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும். அதன் நுனிக் குமிழின் அமைப்பையும், பெண் சிலந்தியின் அடிவயிற்றில் உள்ள சிறு தகட்டின் அமைப்பையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி ஒவ்வொரு சிற்றினத்துக்கும் அது வேறு வேறாக இருக்கும். அதனால் நான் வரைந்த படத்துக்குக் கீழே "டிபெல்லஸ்" என்று பேரினம் மட்டும்தான் எழுதியிருக்கேன்.

 உங்களுக்குத் தெரியுமா? 
விலங்குகளின் அறிவியல் பெயர்க் கணக்கு 1758-ஆம் ஆண்டு வெளிவந்த லின்னேயஸின் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. சிலந்திக்கு மட்டும் விதிவிலக்கு. லின்னேயஸின் நாட்டுக்காரரான கார்ல் கிளார்க் 1757-இலேயே சுவீடன் சிலந்திகளைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். அந்தப் பெயர்களையும் உலகம் ஏற்றுக்கொண்டது. ஒரு வருஷம் முந்திக்கொண்டது சிலந்தி!

6. "மூத்திரம் போனா கொப்புளம் வரும்"

இது எங்க அப்பாயி சொல்வது. உங்க வீட்டிலும் சொல்வாங்க. சிலந்தி மேலே ஊர்ந்து மூத்திரம் போயிட்டா கொப்புளம் கொப்புளமா வரும், அதனால கண்ட இடத்தில் அடிச்சுடணும் என்று. நம் வகுப்பிலும் சிலந்தியைப் பார்த்தால் துடைப்பத்தை எடுக்காதவர்கள் குறைவு.

அப்பாயி சொல்கிற கொப்புளம் உண்மை. அறுப்பு நேரத்தில் எத்தனையோ பேருக்குக் கழுத்திலும் முகத்திலும் கோடு போட்ட மாதிரி சிவந்து, எரிச்சல் எடுத்து, கொப்புளம் வருவதை நான் பார்த்திருக்கேன். ஆனால் குற்றவாளி சிலந்தி இல்லை. சிலந்தியின் கழிவு வெள்ளையான ஒரு சின்னத் துளி. அதனால் தோல் வேகாது.

உண்மையான காரணம் பெடெரஸ் என்ற ஒரு குட்டி வண்டு. ஏழு எட்டு மில்லிமீட்டர்தான் நீளம். எறும்பு மாதிரி தெரியும். உடம்பு ஆரஞ்சு நிறம், தலையும் வால்நுனியும் கறுப்பு. ஈரமான வயலில் இருக்கும். ராத்திரியில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கத்தில் தட்டி நசுக்கிவிடுவோம். அதன் உடம்புக்குள் இருக்கிற பெடெரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமாகும். ஒருநாள் கழித்து வருவதால் யார் செய்தது என்று தெரியாமல், விட்டத்தில் உட்கார்ந்திருக்கிற சிலந்தி மேல் பழி விழுகிறது.

அதனால் அந்த வண்டு மேலே உட்கார்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிடுங்க. பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்க. (அந்த வண்டும் வயலில் தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னுகிற நல்ல வண்டுதான் என்பது தனிக் கதை.)

நான் இதை வாசித்துக் காட்டினதும் அப்பாயி, "அட போடி, அறுபது வருஷமா நான் பார்க்காததா?" என்றது. ஆனால் அடுத்த நாள் விளக்குக்குக் கீழே ஒரு ஆரஞ்சு வண்டைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, நீ சொன்னது இதுவா?" என்று கூப்பிட்டுக் காட்டியது.

7. சிலந்திக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம்மில் பாதிப் பேர் வீட்டில் நெல் போடுறோம். புகையான் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீய்ந்த மாதிரி ஆகிவிடும். எங்க அப்பா குத்தகைக்கு மூணு மா போட்டிருக்காங்க. ஒரு தடவை புகையான் விழுந்து, மருந்து அடிச்சு, மறுபடி விழுந்து, மறுபடி அடிச்சு, கடைசியில் மருந்துக்கடைக் கடனுக்கே நெல் சரியாப் போச்சு.

மருந்து அடிச்ச பிறகும் ஏன் மறுபடி வந்தது? இதற்கு அறிவியலில் விடை இருக்கு. புகையான் முட்டையை நெல்லின் இலை உறைக்குள் திசுவில் வைத்துவிடும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. வெளியே ஓடித் திரிகிற சிலந்திகள் எல்லாம் செத்துவிடும். சில நாளில் முட்டை பொரிந்து புகையான் குஞ்சு வெளியே வந்தால், தின்பதற்குச் சிலந்தி இல்லை. போலீஸ் இல்லாத ஊரில் திருடனுக்கு என்ன பயம்?

இந்தோனேசியா நாட்டில் இப்படித்தான் நடந்தது. புகையான் கட்டுக்கு அடங்காமல் போய், 1986-இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மருந்தைக் கூட்டவில்லை, குறைத்தது! சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்களைக் காப்பாற்றுவதுதான் வழி என்று முடிவு செய்தார்கள்.

நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கைக் கேளுங்க. வயலில் சிலந்தி இல்லை என்றால், தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்து யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். இதைத்தான் பொருளாதாரச் சேதநிலை என்கிறார்கள். அதாவது ஒரு சிலந்தி இருந்தாலே நாம் பொறுத்திருக்கக் கூடிய அளவு இரண்டு மடங்கு ஆகிறது.

நெல்லின் அடியில், தண்ணீருக்குப் பக்கத்தில் புகையானைப் பிடிப்பதில் முதல் இடம் ஓநாய்ச் சிலந்திக்குத்தான். அதை மறைக்கக் கூடாது. டிபெல்லஸ் மேலே புல்லிலும் தாளிலும் இருந்து, தத்துப்பூச்சி, சின்ன ஈ என்று கிடைப்பதைப் பிடிக்கும். சிலந்திகளுக்குள் இப்படி ஒரு வேலைப் பங்கீடு இருக்கு. அடிக்கு ஒருத்தர், நுனிக்கு ஒருத்தர், நடுவில் வலைகட்ட ஒருத்தர். வயலில் தண்ணீர் நிறுத்தும்போதும் அறுக்கும்போதும் இவர்கள் எல்லாம் வரப்புப் புல்லுக்கும் வேலிப் புல்லுக்கும்தான் ஒதுங்குவார்கள். அடுத்த நடவுக்கு அங்கிருந்துதான் திரும்பி வருவார்கள். வரப்புப் புல்லை வேரோடு வழித்து எடுத்துவிட்டால் திரும்பி வர ஆள் இல்லை.

இதை எல்லாம் நான் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாங்க: "பாப்பா, எது நல்லது எது கெட்டதுன்னு மருந்துக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியணும்." இந்தச் சம்பாவில் மருந்து எடுக்கும் முன்னால் வயலில் இறங்கி, குத்தை விரித்துப் பார்த்துச் சிலந்தியை எண்ணினாங்க. நானும் கூட எண்ணினேன்.

8. தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு வருஷமும் குடியரசு தினத்துக்கு முன்னால் பள்ளியின் பின்பக்கப் புல்லை வெட்டி, மீதியைக் கொளுத்திவிடுவது வழக்கம். மைதானம் சுத்தமாக இருக்கணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாம்பு வரும் என்று பெற்றோர் பயப்படுவதும் நியாயம்தான்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். மைதானத்தையும் நடைபாதையையும் முழுக்க வெட்டிவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம், நாம யாரும் நடக்காத இடத்தில், ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் புல்லை விட்டுவைக்கணும். கொளுத்த மட்டும் வேண்டாம். வெட்டினால் சிலந்தி ஓடிப் பிழைக்கும். கொளுத்தினால், முட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற தாய்ச் சிலந்தி ஓடாது என்று மேலே எழுதியிருக்கேன். வேலிக்கு அடுத்தது யாருடைய வயல் என்று எல்லாருக்கும் தெரியும். நம் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு வயல்தான். அந்தப் புல்லில் பிழைக்கிற சிலந்தி அவர்கள் நெல்லுக்குத்தான் காவல் போகும்.

9. செய்து பாருங்கள்

வீட்டு வரப்பில் ஒரு சாண் சதுரப் புல்லைத் தேர்ந்தெடுங்க. கைவிட வேண்டாம், கண்ணால் மட்டும் பாருங்க. காலில் செருப்பு, வெயில் நேரம், கூட ஒரு பெரியவர், இந்த மூன்றும் கட்டாயம்.

வெள்ளைத் தாளைப் புல்லுக்குக் கீழே பிடித்து மெதுவாகத் தட்டுங்க. விழுவதை எண்ணி எழுதிக்கொண்டு, மறுபடி புல்லிலேயே விட்டுவிடுங்க.

எத்தனை கால், வலை உண்டா, முதுகில் கோடு உண்டா என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுதி, தேதி, இடம் போட்டு, இந்தச் சுவர் இதழின் கீழே தொங்கவிட்டிருக்கும் உறையில் போடுங்க. அடுத்த மாத இதழில் எல்லாவற்றையும் அட்டவணையாகப் போடுகிறேன். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் எழுதலாம். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன்.

இன்னொன்று. படத்தைச் சுற்றி நான் வரைந்த புற்களில், பெரிய டிபெல்லஸைத் தவிர, நிஜ அளவில் இன்னும் மூன்று சிலந்திகள் ஒளிந்திருக்கின்றன. கண்டுபிடித்தவர்கள் சுவரில் குறிபோடாமல் என்னிடம் வந்து சொல்லுங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி